லீவன் ஊதினான்

மார்னிக்ஸுக்குக் காது மந்தமாகிவிட்டதை முதலில் கண்டுபிடித்தவன் லீவன்தான். அவன் சொன்ன பிறகுதான் மார்னிக்ஸே அதை ஒப்புக்கொண்டான், அதுவும் அரைமனதாக.

ஸேப்ருகே துறைமுகத்தில் இருவரும் பதினேழு வருஷமாக ஜோடி. இங்கிலாந்துக்குப் போகிற கப்பல்களில் ட்ரெய்லர்களை ஏற்றுவதும் இறக்குவதும் அவர்கள் வேலை. லாரிக்காரர்கள் ட்ரெய்லரைக் கொண்டுவந்து முற்றத்தில் கழற்றிவிட்டுத் திரும்பிவிடுவார்கள். அதைக் கப்பலின் வயிற்றுக்குள் கொண்டுபோய்ச் சேர்ப்பது மார்னிக்ஸின் வண்டி. துறைமுகத்தில் அதை டக் என்பார்கள். குட்டையான வண்டி. ஓர் ஆள் மட்டும் உட்காரக்கூடிய கண்ணாடிக் கூண்டு, அதன் பின்னால் ட்ரெய்லரின் மூக்கைத் தூக்கிப் பிடிக்கிற இரும்புத் தட்டு, அவ்வளவுதான். கூண்டுக்குள் இருக்கை முன்னும் பின்னும் சுழலும். கப்பலுக்குள் நுழையும்போது மார்னிக்ஸ் இருக்கையைத் திருப்பிக்கொண்டு ட்ரெய்லரைத் தள்ளிக்கொண்டு போவான். பதிமூன்று மீட்டர் நீளத்துக்கு ஒரு சுவர் கண்ணெதிரே நகர்ந்துகொண்டிருக்கும். அந்தச் சுவருக்கு அப்பால் என்ன இருக்கிறதென்று அவனுக்குத் தெரியாது. தெரிந்து சொல்வது லீவன். வாயில் விசிலோடு தளத்தில் நிற்பான். சின்னச் சின்னதாக ஊதினால் வா. நீளமாக ஒரு தடவை ஊதினால் நில். நின்றதும் ட்ரெய்லரின் மூக்குக்கு அடியில் இரும்புத் தாங்கியை வைத்து, சங்கிலி போட்டுத் தளத்தோடு இறுக்குவான்.

ஒரு நவம்பர் காலையில் லீவன் மூன்று தடவை நீளமாக ஊதிய பிறகுதான் வண்டி நின்றது. ட்ரெய்லரின் பின்பக்கம் கப்பலின் தூணுக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. லீவன் தாங்கியை வைத்துச் சங்கிலியை இறுக்கினான். அடுத்த ட்ரெய்லரை எடுக்க முற்றத்துக்கு வந்தபோது, குனிந்து காற்றுக் குழாயை மாட்டிக்கொண்டிருந்த மார்னிக்ஸின் முதுகுக்குப் பின்னால் போய் நின்று சாதாரணக் குரலில் பேசினான்.

“மார்னிக்ஸ், உன் பேன்ட் பின்னாடி கிழிஞ்சிருக்கு.”

மார்னிக்ஸ் குழாயைத் திருகிக்கொண்டிருந்தான்.

“உன் பழைய பொண்டாட்டி கேட்டுல வந்து நிக்கிறா.”

அதற்கும் அசைவில்லை.

“இன்னிக்கு சாயங்காலம் பீர் நான் வாங்கித் தரேன்.”

அதற்கும் இல்லை என்றதும் லீவன் அவன் தோளைத் தட்டினான். மார்னிக்ஸ் திடுக்கிட்டுத் திரும்பினான்.

“ஓசி பீர்னு சொல்லியும் நீ திரும்பலன்னா, ஒண்ணு செத்திருக்கணும், இல்ல செவிடா இருக்கணும். மூச்சு வருது. அப்போ ரெண்டாவதுதான்.”

“வண்டி இரைச்சல்டா. இந்த இரைச்சல்ல எவனுக்குக் கேக்கும்?”

“எஞ்சின் ஆஃப்ல இருக்குடா கழுதை.”

மார்னிக்ஸ் வண்டியைப் பார்த்தான். பிறகு கையுறையைக் கழற்றிக் கையிலேயே வைத்துக்கொண்டு, இரண்டு வருஷமாக இப்படித்தான் இருக்கிறது என்றான். பேச்சு கேட்கிறது, ஆள் முகத்தைப் பார்த்துப் பேசினால் இன்னும் நன்றாகக் கேட்கிறது, கீச்சென்று வருகிற சத்தம்தான் காதில் விழுவதில்லை.

“விசில் கீச்சுன்னுதான்டா வரும். வருஷா வருஷம் டாக்டர் பரிசோதிக்கிறாரே, எப்படித் தப்பிச்ச?”

காதுச் சோதனைக்கு ஒரு சின்ன அறையில் உட்காரவைத்துக் காதுக்கருவியை மாட்டிவிடுவார்கள். சத்தம் கேட்கும்போது பொத்தானை அமுக்க வேண்டும். அந்த அறையின் கண்ணாடியில் வெளியே இருக்கும் நர்ஸின் கை தெரிகிறது என்பதை மார்னிக்ஸ் முதல் வருஷமே பார்த்துவைத்திருந்தான். அவள் விரல் அசைந்தால் இவன் விரலும் அசையும். இதைக் கேட்டதும் லீவன் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தான். மார்னிக்ஸ் சிரிக்கவில்லை.

“தெரிஞ்சா இறக்கிவிட்டுருவாங்க லீவன். சங்கிலி கட்ற வேலைக்கு என் முதுகு உதவாது. அப்புறம் வீட்ல உக்காந்து நான் எதைப் பார்க்கணும், சுவத்தையா?”

லீவனுக்கு அந்த வீடு தெரியும். மனைவி போன பிறகு மார்னிக்ஸ் அங்கே சமைப்பதுகூட இல்லை. நாற்காலிகளில் ஒன்றைத் தவிர மற்றவற்றின்மேல் பழைய செய்தித்தாள்கள் கிடக்கும். லீவன் சிரிப்பை நிறுத்தினான்.

“சரி, நான் விசிலும் ஊதறேன், கையில விளக்கும் வச்சுக்கறேன். மேலயும் கீழயும் ஆட்டினா வா. பக்கவாட்டுல ஆட்டினா நில். விளக்கு தெரியலன்னா அங்கயே நின்னுடணும். புரியுதா?”

“புரியுது.”

“காதுல விழுந்துச்சான்னு கேட்டேன்.”

“போடா.”

அன்றிலிருந்து அப்படித்தான் நடந்தது. முகப்பில் மஞ்சள் கண்ணாடி போட்ட ஒரு கைவிளக்கை லீவன் தன் காசில் வாங்கிக்கொண்டான். கேட்டவர்களிடம், எனக்கு வயசாகுது, தளத்துல இருட்டா இருக்கு என்று சொல்லிவைத்தான். பதினைந்து மாதங்கள் ஒரு கீறல்கூட விழாமல் ஓடின.

பிப்ரவரியில் ஒரு வியாழக்கிழமை கடலில் பனிமூட்டம். விடியற்காலை நாலு மணிக்கு வரவேண்டிய கப்பல் பத்து மணிக்குத்தான் சரிவுப் பாலத்தை இறக்கியது. இரண்டு மணிக்குத் திரும்பக் கிளம்பியாக வேண்டும். இரண்டு ஆட்கள் காய்ச்சலென்று வரவில்லை. மேஸ்திரி ஜீனோ பாலத்தின் தலைப்பில் நின்றுகொண்டு வருகிற ஒவ்வொரு டக்கையும் கையை வீசி விரட்டிக்கொண்டிருந்தான். இறக்கி முடித்து, ஏற்றத் தொடங்கி, கடைசி வரிசைக்கு வந்தபோது ஒன்றரை மணி.

அது கப்பலின் ஓரத்துக் குறுகலான வரிசை. மார்னிக்ஸ் தள்ளிக்கொண்டு போனது குளியலறை ஓடுகள் ஏற்றிய ட்ரெய்லர், இருபத்துநாலு டன். இடப்பக்கம் லீவனின் விளக்கு மேலும் கீழுமாக ஆடியது. பிறகு அது ஆடவில்லை. பிறகு தெரியவே இல்லை.

அப்போது நிறுத்தியிருக்க வேண்டும். மார்னிக்ஸுக்கு அது தெரியும். ஆனால் அந்த வரிசையில் அவன் ஆயிரம் தடவை ட்ரெய்லர் வைத்திருக்கிறான். இன்னும் மூன்று மீட்டர் இருக்கிறதென்று கையும் காலும் சொல்லின. லீவன் தாங்கியை எடுக்கப் போயிருப்பான், இதோ திரும்பிவிடுவான் என்று நினைத்தான். மூன்று மீட்டரும் போனான். வண்டி ஒரு கணம் தயங்கியது. தளத்தில் இரும்புத் தகடுகள் சேரும் இடத்தில் சில சமயம் அப்படித் தயங்கும். கூடக் கொஞ்சம் அழுத்தினான். அப்புறமும் விளக்கு தெரியாமல் போகவே பிரேக்கைப் போட்டு இறங்கி நடந்தான்.

முந்தைய ட்ரெய்லரைக் கட்டியவர்கள் ஒரு சங்கிலியைத் தளத்திலேயே விட்டிருந்தார்கள். அதை இழுத்துப் போடத்தான் லீவன் இரண்டு ட்ரெய்லர்களுக்கு நடுவில் போயிருக்கிறான். சங்கிலியின் கொக்கி தளத்துத் துளையில் மாட்டிக்கொண்டிருந்தது. விளக்கைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையாலும் இழுத்திருக்கிறான். அந்தக் கொக்கி இன்னும் துளையில்தான் இருந்தது. லீவன் நின்றுகொண்டிருந்தான், கீழே விழ இடமில்லாததால். விசில் அவன் பல்லுக்கிடையில் இருந்தது.

மார்னிக்ஸ் ஓடிப்போய் டக்கை ஒரு மீட்டர் நகர்த்தினான். திரும்பி ஓடி வந்து லீவனை மடியில் வாங்கிக்கொண்டான். மூச்சு விடட்டும் என்று வாயிலிருந்த விசிலை எடுத்தான். கடித்துப் பிடித்திருந்ததால் விரலைப் போட்டுத்தான் எடுக்க வேண்டியிருந்தது. லீவன் அவன் முகத்தைப் பார்த்தான். உதடு அசைந்தது. அது பேச்சா வெறும் மூச்சா என்று மார்னிக்ஸுக்குத் தெரியவில்லை. ஆம்புலன்ஸ் பாலத்தில் ஏறும் முன்பே எல்லாம் முடிந்துவிட்டது.

விசாரிக்க வந்தவர்கள் கேட்ட கேள்விகளில் ஒன்று, விசில் சத்தம் கேட்டதா என்பது.

“இல்ல. எனக்கு எந்த விசிலும் கேக்கல,” என்றான் மார்னிக்ஸ்.

அதில் ஒரு வார்த்தையும் பொய் இல்லை. கப்பலின் காற்றோட்ட விசிறிகளின் இரைச்சலில், காதடைப்பான் போட்டிருந்த மற்றவர்களுக்கும் கேட்டிருக்கவில்லை. லீவனிடம் விசில் எதுவும் கிடைக்கவுமில்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்து மேலாடையைக் கழற்றியபோதுதான் பையில் விசில் இருப்பது தெரிந்தது. கறுப்புக் கயிறு கோத்த பித்தளை விசில். அதன் வாயில் பல் தடம் இருந்தது. மறுநாள் கொண்டுபோய்க் கொடுத்துவிடலாம் என்று அடுப்பு மேடையில் வைத்தான். மறுநாள் கொடுக்கவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. அப்புறம் அதைக் கரண்டிகள் இருந்த இழுப்பறைக்குள் தள்ளிவிட்டான்.

லிஸ்ஸவேகே தேவாலயத்தில் அடக்கப் பூசை நடந்தது. முடிந்ததும் பக்கத்துக் கூடத்தில் காப்பியும் ஹாம் வைத்த ரொட்டியும். துறைமுகத்து ஆட்கள் ஒரு நீண்ட மேசையில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் ஒருவன் அடங்கிய குரலில் பேசுவதாக நினைத்துக்கொண்டு கூடம் முழுக்கக் கேட்கும்படி சொன்னான்: “பதினேழு வருஷ அனுபவம். விசில்கூட இல்லாம உள்ள போயிருக்கான் பாரு.”

லீவனின் மனைவி ரோசான் அடுத்த மேசையில் இருந்தாள். அவள் தலையை உயர்த்தினாள். பேசியவனை அவள் பார்க்கவில்லை. மார்னிக்ஸைப் பார்த்தாள். அவன் ரொட்டியைப் பிய்க்கத் தொடங்கினான்.

ஏப்ரலில் அறிக்கை வந்தது. சைகை காட்டுபவர் விசில் இல்லாமலும், ஓட்டுநருக்குத் தெரிவிக்காமலும் ஆபத்தான இடத்துக்குள் சென்றார், ஓட்டுநர்மீது தவறில்லை. கம்பெனி அதை ஒரு பக்கமாகச் சுருக்கி, ஒரு பெரிய விசிலின் படத்தோடு ஓய்வறையில் காப்பி இயந்திரத்துக்கு மேலே ஒட்டியது. பெயர் போடவில்லை. பெயர் தேவைப்படவும் இல்லை. ஒரு வாரம் வேலை தொடங்கும் முன் பாதுகாப்பு அதிகாரி வந்து எல்லாரையும் நிற்கவைத்து, கவனக்குறைவு ஒரு நொடிதான் என்று பேசினார்.

மார்னிக்ஸ் அதற்குள் வேலைக்குத் திரும்பியிருந்தான். புதிதாக ஒரு ஆளை அவனோடு போட்டிருந்தார்கள். முன்போல அவனால் ஓட்ட முடியவில்லை. ஒரு மீட்டர் போவான், நிறுத்துவான். இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு வருவான். மறுபடி ஒரு மீட்டர்.

“என்னடா இது, ஊர்வலமா?” என்றான் ஜீனோ. பிறகு குரலைத் தணித்துக்கொண்டு சொன்னான்: “இங்க பாரு மார்னிக்ஸ். அது உன் தப்பு இல்ல. எழுதியே கொடுத்துட்டாங்க. அவன் அசட்டையா இருந்துட்டான், போய்ட்டான். நீ அதைச் சுமந்துட்டு அலையாத.”

லீவனை அசட்டையானவன் என்று யாரும் அதுவரை சொன்னதில்லை. கட்டிய சங்கிலியையே இரண்டு தடவை இழுத்துப் பார்க்கிறவன் அவன். மற்றவர்கள் அதற்காகக் கேலி செய்வார்கள். இப்போது காப்பி எடுக்கக் கை நீட்டுகிற ஒவ்வொரு தடவையும் அந்தத் தாள் மார்னிக்ஸின் கண்ணுக்கு நேரே இருந்தது. அவன் இயந்திரக் காப்பியை விட்டுவிட்டு வீட்டிலிருந்து குடுவையில் கொண்டுவரத் தொடங்கினான். ஆனாலும் தாள் அங்கேதான் இருந்தது.

ஜூன் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவன் ரோசானின் வீட்டுக்குப் போனான். அவள் அடுக்களை மேசையில் செய்தித்தாளை விரித்து இறால் உரித்துக்கொண்டிருந்தாள். உள்ளே வரச் சொன்னாள். உட்காரச் சொல்லவில்லை. அவனே உட்கார்ந்தான். சட்டைப் பையிலிருந்து விசிலை எடுத்து, உரித்த தோலுக்குப் பக்கத்தில் செய்தித்தாளின்மேல் வைத்தான்.

ரோசானின் விரல்கள் நின்றன.

“எங்க இருந்துச்சு?”

“அவன் வாயில. நான்தான் எடுத்தேன். மூச்சு விட முடியாம இருந்தான். அப்புறம் என் பையில இருந்திருக்கு. எனக்கே தெரியாது. தெரிஞ்ச பிறகு...”

“தெரிஞ்ச பிறகு?”

“சொல்லல.”

அவள் ஓர் இறாலை எடுத்துத் தலையைக் கிள்ளி, உரித்து, கிண்ணத்தில் போட்டாள்.

“அவன் ஊதியிருக்கான் ரோசான். கண்டிப்பா ஊதியிருக்கான். எனக்குத்தான் கேக்கல. எனக்குக் காது...”

“தெரியும்.”

மார்னிக்ஸ் அவள் வாயைப் பார்த்தான், சரியாகத்தான் கேட்டோமா என்று.

“தெரியும்னு சொன்னேன். அப்பவே சொல்லிட்டான். விளக்கு வாங்கிட்டு வந்தான் இல்ல, அன்னிக்கே. நான் சண்டை போட்டேன். போன் பண்ணி கம்பெனிக்குச் சொல்றேன்னு சொன்னேன். நம்பரும் போட்டுட்டேன். அவன் போனைப் பிடுங்கி வச்சுட்டான். மார்னிக்ஸுக்கு அந்த வண்டியை விட்டா வேற ஒண்ணும் இல்ல ரோசான், நான் பார்த்துக்கறேன்னான். நான் பார்த்துக்கறேன், நான் பார்த்துக்கறேன். எல்லாத்துக்கும் இதைத்தான் சொல்வான்.”

அவள் குரல் உயரவில்லை. கையால் உரித்துக்கொண்டேயிருந்தாள். கிண்ணத்தில் தோலும் சதையும் கலந்து விழுந்தன. அதை அவள் கவனிக்கவில்லை.

“அன்னிக்கு நான் போன் பண்ணியிருந்தா நீ வீட்ல உக்காந்து என்னைத் திட்டிட்டு இருந்திருப்ப. அவன் இங்க உக்காந்து என்னைத் திட்டிட்டு இருந்திருப்பான். நாலு மாசமா இதையேதான் நினைச்சிட்டிருக்கேன்.”

“உன் தப்பு இல்ல.”

“நீ அதைச் சொல்லாத. யார் வேணா சொல்லட்டும், நீ சொல்லாத.”

மார்னிக்ஸ் தலையைக் குனிந்துகொண்டான். அவள் விசிலைக் கையில் எடுத்தாள். ஈரக் கையால் தொட்டதில் பித்தளையில் இறால் தோல் ஒட்டிக்கொண்டது. அதை நகத்தால் எடுத்தாள். பல் தடத்தை விரலால் தடவிப் பார்த்தாள். அப்போதுதான் அழுதாள். மார்னிக்ஸ் எழுந்து அவள் பக்கம் ஓர் அடி வைத்தான். அவள் கையை உயர்த்தித் தடுத்தாள்.

“அடக்கம் அன்னிக்கு அந்த ஆள் சொன்னப்போ நீ எந்திரிச்சு சொல்லுவன்னு பார்த்தேன். அப்புறம் அறிக்கை வந்துச்சு. சரி, இதைப் படிச்சுட்டு சொல்லுவான்னு பார்த்தேன். வாசல் மணி அடிச்சா நீதான்னு நினைப்பேன்.”

“இப்போ வந்திருக்கேன்.”

“இங்க வந்து சொல்லி என்ன? எனக்குத்தான் தெரியுமே. போய் அவங்ககிட்ட சொல்லு.”

விசிலை ஒரு துணியில் சுற்றி அவனிடமே திருப்பிக் கொடுத்தாள்.

திங்கட்கிழமை மார்னிக்ஸ் வேலைக்குப் போகவில்லை. ப்ரூகேவுக்கு ரயிலேறி, தொழில் ஆய்வாளர் அலுவலகத்தில் போய் உட்கார்ந்து, துணியைப் பிரித்து விசிலை மேசைமேல் வைத்தான். ஹில்டே என்ற ஆய்வாளர் அவன் சொன்னதை எழுதிக்கொண்டார். நடுவில் ஒரு தடவை பேனாவை வைத்துவிட்டு, “இதனால உங்களுக்கு என்ன ஆகும்னு தெரியுமா?” என்று கேட்டார். அவர் குனிந்தபடி கேட்டதால் மார்னிக்ஸுக்குப் புரியவில்லை. அவர் நிமிர்ந்து இன்னொரு தடவை கேட்டார்.

“தெரியும். அந்த அறிக்கையை மாத்துவீங்களா?”

“மாத்தணும்.”

“எப்போ?”

இரண்டரை மாதம் ஆனது. புதிய அறிக்கையில், சைகை காட்டுபவர் விதிப்படி விசில் ஊதினார் என்று கருத எல்லாக் காரணமும் உள்ளது என்றொரு வரி இருந்தது. ஓய்வறைத் தாளைக் கிழித்துவிட்டார்கள். அதன் இடத்தில் வேறெதுவும் ஒட்டவில்லை.

மார்னிக்ஸின் உரிமம் முதல் வாரத்திலேயே போய்விட்டது. அத்தோடு நிற்கவில்லை. கம்பெனி வேறொரு மருத்துவரை வரவழைத்து, கண்ணாடி இல்லாத அறையில் எல்லா ஓட்டுநர்களுக்கும் காதுச் சோதனை வைத்தது. இன்னும் மூன்று பேரை டக்கிலிருந்து இறக்கினார்கள். அவர்களில் ஜீனோவின் அண்ணன் ஒருவன்.

மார்னிக்ஸ் தன் அலமாரியைக் காலி செய்யப் போன அன்று ஜீனோ வழியில் நின்றான்.

“வாயை மூடினா கடைசிவரைக்கும் மூடியிருக்கணும். இல்லன்னா முதல் நாளே திறந்திருக்கணும். நாலு மாசம் லீவனைக் குப்பையில போட்டுட்டு, அப்புறம் எங்க எல்லாரையும் கூட இழுத்துட்டுப் போற.”

மார்னிக்ஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவனைச் சுற்றிப் போனான். கேட் வரைக்கும் யாரும் கூட வரவில்லை.

மறு வருஷம் கோடையில் வழக்கு முடிந்தது. எட்டு மாதச் சிறை, ஆனால் தண்டனையை நிறுத்திவைத்தார்கள், உள்ளே போக வேண்டியிருக்கவில்லை. ரோசான் சாட்சிக்கூண்டில் ஏறி, தனக்கும் தெரியும் என்பதைச் சொன்னாள். யாரும் அவளைச் சொல்லச் சொல்லவில்லை. நீதிபதி, அது இந்த வழக்குக்குத் தேவையில்லை அம்மா என்றார். தேவைன்னு நான் நினைக்கிறேன் என்றாள் அவள். வெளியே படிக்கட்டில் மார்னிக்ஸ் அவளுக்காகக் காத்திருந்தான். அவள் மகளோடு இறங்கி, அவனைக் கடந்து, காரில் ஏறிப் போய்விட்டாள்.

இப்போது அவனுக்கு இரண்டு காதுக்கும் கருவி இருக்கிறது. காலையில் மாட்டிக்கொள்வான். குளிர்பெட்டி இரைவதும், மாடிவீட்டுக்காரர் இருமுவதும் கேட்கும். மத்தியானத்துக்குள் கழற்றி வைத்துவிடுவான்.

நவம்பர் முதல் தேதி, இறந்தவர்களுக்கு ஊரே பூ வைக்கிற நாளில், மஞ்சள் சாமந்தித் தொட்டி ஒன்றை வாங்கிக்கொண்டு லிஸ்ஸவேகே கல்லறைத் தோட்டத்துக்குப் போனான். கூட்டம் குறையட்டும் என்று தேநீர் நேரத்துக்கு வந்திருந்தும் ரோசான் அங்கே இருந்தாள். முழந்தாளிட்டு, பிரஷ்ஷால் கல்லைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவன் திரும்பிப் போய்விடலாமா என்று யோசித்தபடி வழியிலேயே நின்றான்.

அவள் அவனைப் பார்த்தாள். தொட்டியையும் பார்த்தாள். தன் வாளியைக் கொஞ்சம் ஓரமாக நகர்த்தினாள். அவன் அந்த இடத்தில் தொட்டியை வைத்தான். என்ன செய்வதென்று தெரியாமல் கையைத் துடைத்துக்கொண்டு நின்றான். கல்லின் இந்தப் பக்கம் இன்னும் பாசி படிந்திருந்தது.

“தண்ணி தீந்துடுச்சு,” என்றாள் அவள், அவன் முகத்தைப் பார்த்து, நிதானமாக. “குழாய் அந்த மதில் ஓரமா இருக்கு.”

அவன் வாளியை எடுத்துக்கொண்டு போனான்.